மேசை நிறையப் பலகாரத்துடன் ஒரு குரூப் தெரபி

1. நாலு பத்து

சனிக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்குக் காரியம் கெடத் தொடங்கியது. எங்கள் கிளினிக்கின் மாடி அறையில் ஒன்பது நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் அண்ணாச்சி ஒருவர், இரண்டு கிலோ கடலைமிட்டாய்ப் பையோடு வாசலில் நின்றார்.

"வெறுங்கையோட வரக்கூடாதுல்லா சார்" என்றார்.

அன்று தொடங்கவிருந்தது, சாப்பிடத் தொடங்கினால் நிறுத்த முடியாத கோளாறு உள்ளவர்களுக்கான குரூப் தெரபி. ஃபைலில் 'பிஞ்ச் ஈட்டிங்' என்று எழுதுவோம். வயிறு நிறைந்த பிறகும் கை நிற்காது. பிறகு வெட்கம் வரும். அந்த வெட்கம் தாங்காமல் மறுபடியும் சாப்பாடு. கோவில்பட்டியில் இருபது வருடமாகக் கவுன்சலராக இருக்கிறேன். குடியை நிறுத்த வந்தவர்களுக்குக் குரூப் நடத்தியிருக்கிறேன். அதற்கு யாரும் பாட்டிலோடு வந்ததில்லை.

தப்பு என்னுடையதுதான். முந்தின நாள், குரூப்புக்கு வரவேண்டிய ஆறு பேருக்கும் போன் செய்து, "ஆஸ்பத்திரின்னு கூச்சப்படாதீங்க, நம்ம வீட்டுக்கு வார மாதிரி வாங்க" என்று சொல்லியிருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போகிறவர்கள் எப்படிப் போவார்கள் என்பதை யோசிக்கவில்லை.

நாலே காலுக்குக் கடம்பூர் டீச்சர் போளிப் பொட்டலத்தோடு வந்தார். நாகலாபுரத்துச் சம்சாரி, தன் புஞ்சையில் விளைந்த எள்ளில் பிடித்த உருண்டைகளைத் தூக்குச்சட்டி நிறையக் கொண்டுவந்தார். மற்ற மூவரும் சும்மா வரவில்லை. அட்டெண்டர் முருகையா எல்லாவற்றையும் தட்டுகளில் பிரித்து, வட்டத்தின் நடுவே மேசை போட்டுப் பரப்பிவிட்டார்.

"ஏன்யா இப்படிப் பண்ணுனீங்க?"

"கொண்டாந்ததப் பிரிச்சு வைக்கலைன்னா அவிய மனசு சங்கடப்படும் சார். டீயும் வடையும் வேற சொல்லியிருக்கேன். கூட்டம்னுதான சொன்னீங்க?"

குரூப்பை என்னோடு நடத்தத் திருநெல்வேலியிலிருந்து வரவேண்டிய மனநல டாக்டரம்மாவின் கார் கயத்தாறு தாண்டி பஞ்சர். போனில் கேட்டேன். "எல்லாத்தையும் எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டிரட்டுமா டாக்டர்?"

"பூட்டாதீங்க சார். வீட்ல எல்லாரும் அதத்தான் செய்யுதாங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். அவங்கள பேசச் சொல்லுங்க, நான் வாரேன்."

'வீட்ல எல்லாரும்' என்று அவர் யாரைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

2. ஒன்பதாவது நாற்காலி

அது என் மகனுக்குப் போட்டது. வயது இருபத்தாறு, ஃபைனான்ஸ் ஆபீசில் வேலை. கல்யாண வீடுகளில் அவன் இலைக்கு மட்டும் இரண்டாம் முறை, மூன்றாம் முறை பரிமாறி, "நல்லா சாப்பிடுத பிள்ளை" என்பார்கள். நானும் பெருமையாக நின்றிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் அவனுடைய கட்டிலை நான் நகர்த்திக் கூட்டியபோது, அடியில் பிஸ்கட் கவர்களும் பரோட்டா பார்சல் இலைகளும் காய்ந்து கிடந்தன. அடுத்தவர் பிள்ளை என்றால் என்ன பேசவேண்டும் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளையிடம் கத்தினேன். அடுக்களை அலமாரியைப் பூட்டினேன். அன்றிலிருந்து அவன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. குரூப்புக்கு வா என்றதற்கு, "அதான் தினம் வீட்லயே நடத்துதீங்களே, போதாதா?" என்றான். இந்த மூன்று மாதத்தில் என்னிடம் அவன் முழுதாகப் பேசியது அவ்வளவுதான்.

அவனை ஒருமுறை பார்த்த டாக்டரம்மா, "தனியா விட்டா இது முத்தும் சார். எப்படியாவது அவன இங்க வர வையுங்க" என்றிருந்தார். எப்படி என்றுதான் தெரியவில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

3. எண்ணிக்கை

நாலரைக்குத் தொடங்கினோம். நான் சொல்வதைக் கேட்பதுபோல் எல்லாரும் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்துக்கோங்க டீச்சர்" என்றார் அண்ணாச்சி.

"மொதல்ல நீங்க எடுங்க அண்ணாச்சி."

"எனக்கு இனிப்பு அவ்வளவா பிடிக்காது."

"எனக்கும்தான்" என்றார் டீச்சர்.

எள்ளுருண்டைக்காரர் மெதுவாகக் கேட்டார். "பெறவு எதுக்கு நாம இங்கன வந்திருக்கோம்?"

அண்ணாச்சி செருமினார். "ஒரு உண்மையச் சொல்லுதேன் சார். நான் வாங்கினது மூணு கிலோ. ஒரு கிலோ கார்லயே போயிட்டு."

"நான் இருபது போளி வாங்கினேன்" என்றார் டீச்சர்.

முருகையா யாரும் கேட்காமலே எண்ணினார். "பதினொண்ணு இருக்கு டீச்சர்."

அறையே சிரித்தது. அதிகம் சிரித்தது டீச்சர்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குப் பின்னால நின்னுல்லா தின்னேன். எங்கிட்டப் படிக்குத பிள்ளைக யாரும் பாத்திரக்கூடாதுன்னு."

"ருசி தெரிஞ்சுதா டீச்சர்?"

"ரெண்டாவதுக்கு மேல தெரியல அண்ணாச்சி."

"எனக்கும் அப்படித்தான். என் வீட்டுக்காரி அலமாரியப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிட்டா. அன்னைக்குத்தான் கடைக்குப் போயி ரெண்டு பங்கா வாங்கினேன். பசியில்ல. கோவம்."

என் சட்டைப் பையில் எங்கள் அலமாரிச் சாவி கிடந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. இருபது வருடத்தில் நான் படித்ததை விட அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொண்டது அதிகம். ஒளித்து வைத்தால் ஒளிந்து சாப்பிடுவார்கள். நாலு பேர் முன்னால் வைத்துவிட்டால் பேசவாவது செய்வார்கள். நம் வீட்டில் என்றால் இதைப் பார்க்க இன்னொருவர் கண் வேண்டியிருக்கிறது.

ஐந்து மணிக்கு டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார். மேசையைப் பார்த்தார், தானும் ஒரு போளியை எடுத்துக்கொண்டார். அதன்பின் ஆளுக்கு ஒன்று எடுத்து, ஒருவரை ஒருவர் பார்த்தபடி மெதுவாகச் சாப்பிட்டார்கள். எள்ளுருண்டைக்காரர், பெண்டாட்டி பிள்ளைகளைத் தவிர இன்னொருவர் முன்னால் சாப்பிட்டு எட்டு வருடமாயிற்று என்றார்.

ஐந்தே காலுக்கு மாடிப்படியில் காலடிச் சத்தம். ஆபீஸ் சட்டையோடு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே என் மகன் நின்றான். வட்டத்தைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். நான் எழுந்து அவனுக்கு நாற்காலியைக் காட்டினேன். அவன் உட்காரவில்லை.

"அப்பா, நீங்க வெளிய இருங்க. நீங்க போனாத்தான் நான் பேசுவேன்" என்றான்.