சகாயமேரி அக்காவின் குரல்

செந்துறையிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் இருந்தபோது சகாயமேரி அக்காவின் மகள் அமலா போனில் கூப்பிட்டாள். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். நான் வரதராஜன்பேட்டை போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள்.

பெரம்பலூரில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு சகாயமேரி அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துணிக்கடை மாடியில் இருந்த அந்த ஆபீஸில், விடியற்காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருவோம். அவர்களுக்கு அப்போது மாலை நேரம். அக்காவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை.

ஒருநாள் ஒரு மாணவி 210 டிகிரிக்கு சீகண்ட் மதிப்பு கேட்டாள். அவளுடைய கிராஃப் கால்குலேட்டரில் சீகண்டுக்குத் தனிப் பொத்தான் கிடையாது. ஒன்றை கோசைனால் வகுக்க வேண்டும். சரியாகத்தான் வகுத்திருந்தாள். விடை −1.13. அக்கா கால்குலேட்டரை ஓரமாக வைக்கச் சொன்னார். 210 என்பது 180-ஐத் தாண்டி 30, அதனால் குறிப்புக் கோணம் 30. மூன்றாம் கால்பகுதியில் கோசைன் மைனஸ். 30-இன் கோசைனைத் தலைகீழாக்கி மைனஸ் போட்டால் −1.15 அல்லவா வர வேண்டும்? பார்த்தால் கால்குலேட்டர் டிகிரிக்குப் பதிலாக ரேடியன் அளவில் இருந்தது. வகுப்பு முடிந்ததும் என்னிடம் சொன்னார்: "ரொம்பத் தப்பா இருந்தா கண்ணுல பட்டுரும் தம்பி. கிட்டத்துல வந்து நிக்கிற தப்புதான் ஏமாத்தும்."

அந்த வருடம்தான் அவருக்குக் குரல் கம்மத் தொடங்கியது. தினமும் மணிக்கணக்கில் பேசும் வேலை, தொண்டை கட்டத்தானே செய்யும் என்று எல்லோரும் சொன்னோம். அவரும் அதையே சொல்லிக்கொண்டு வெந்நீர் குடித்தார். மாதங்கள் போயின. திருச்சியில் சோதித்துப் பார்த்தபோது புற்று குரல்வளை முழுக்கப் பரவியிருந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு அக்கா மறுபடி வேலைக்கு வந்தார். அவர் திரையில் எழுதுவார், நான் பேசுவேன். அப்படி நாங்கள் நடத்திய ஒரு வகுப்பில், 180 டிகிரிக்கு கொசீகண்ட், அதாவது சைனின் தலைகீழி, போட்டால் கால்குலேட்டர் பிழை காட்டுகிறது என்றான் ஒரு மாணவன். அக்கா சைன் அலையை வரைந்தார். அது கிடைக்கோட்டை வெட்டிப் பூஜ்யமாகும் இடங்களில் கொசீகண்டின் வளைவுகள் மேலும் கீழும் பிரிந்து ஓடுவதை வரைந்தார். அதை இங்கிலீஷில் எப்படி விளக்குவது என்று தடுமாறினேன். மேசையைத் தட்டி, எனக்காகத் தாளில் எழுதிக் காட்டினார்: 'பூஜ்யத்துக்குத் தலைகீழி இல்லை. மெஷின் கெட்டுப்போகலன்னு சொல்லு.' சொன்னேன். அவனுக்குப் புரிந்தது. அக்கா சிரித்தார். சத்தமில்லாத அந்தச் சிரிப்பைப் பார்க்க என் மனம் தாங்கவில்லை.

ஒரு வகுப்புக்கு இரண்டு பேரை வைத்துக்கொள்ள முடியாது என்று மேனேஜர் அவரை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் சொல்லித்தரும் வேலையை ஒரு மென்பொருளிடம் கொடுத்துவிட்டு எங்கள் எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது நோய் நுரையீரலுக்கு இறங்கியிருந்தது. சீக்கிரம் எழுந்து நடமாடுவீர்கள் என்றேன். போனில் தட்டிக் காட்டினார்: 'பொய் சொல்லாத. சும்மா உக்காரு.' உட்கார்ந்திருந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அமலா ஒன்று கேட்டாள். "வூட்டுல யாரும் அம்மா பேசுனத ரெக்கார்ட் பண்ணி வைக்கல மாமா. கிளாஸெல்லாம் ரெக்கார்ட் ஆகும்னு அம்மா சொல்லுவாங்க. இங்கிலீஷ்ல கணக்கு சொன்னதா இருந்தாலும் பரவாயில்ல, ஒண்ணு வாங்கித் தாங்க."

மேனேஜரைத் தேடிப் பிடித்தேன். பெரம்பலூர் ஆபீஸை மூடியபோதே எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள் என்றார். அமலாவிடம் அதை அப்படியே சொன்னேன்.

சற்றே கரகரத்த, "தம்பி" என்பதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லும் அந்தக் குரல் எனக்கு இன்னும் தெளிவாகக் கேட்கிறது. என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். கேட்கிற பிள்ளைக்கு அதை எடுத்துக் கொடுக்க எனக்கு வழியில்லை.