மூன்றாவது வரிக்குக் கீழே

செனிமிலி சுட்டியால் வலைப்பக்கத்தின் வலது ஓரத்தைப் பிடித்து இடப்புறமாக இழுத்துக்கொண்டிருக்கிறாள். பக்கம் ஒடுங்குகிறது. பக்கவாட்டில் நின்ற படங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்குகின்றன. ஒரு தலைப்பு மட்டும் இடம் போதாமல் தன் பெட்டியைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கிறது.

"வந்துட்டியா வெளிய? வா, வா," என்கிறாள் அதைப் பார்த்து. இடது கையில் அவித்த மரவள்ளித் துண்டு. அதைக் கடித்துக்கொண்டே மறுபடியும் இழுக்கிறாள். "அமுக்கினாத்தான் தெரியும், யாரு எங்க வழியிறான்னு."

எங்கள் தீவுநாட்டின் தலைநகரான சுவாவில் ஏற்றமான ஒரு தெருவில், துணிக்கடைக்கு மேல் இருக்கிறது எங்கள் அலுவலகம். தகரக் கூரை. மழை வலுத்தால் தொலைபேசியில் பேசுகிறவர்கள் மேசைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொள்வோம். செனிமிலி நுழைக்க மாட்டாள். மழையை விடச் சத்தமாகப் பேசுவாள். தோளகலமான பெண். ஒரு காலத்தில் வலைப்பந்து ஆடியவள். முழங்கால் போன பிறகும் நடையில் அந்த முட்டி மோதும் தோரணை போகவில்லை. புறநகரான நசினுவிலிருந்து பேருந்தில் வருவாள். சன்னலுக்குக் கண்ணாடி இல்லாத பேருந்து. மழைக்கு எல்லாரும் தார்ப்பாயை இறக்கிவிடுவார்கள், இவள் தன் பக்கத்தை மட்டும் சுருட்டியே வைத்திருப்பாள். நனைந்த தோளோடு வந்து உட்கார்ந்து, "காத்து வேணும்ல," என்பாள்.

எதையும் பாதியில் விடுவது அவளுக்கு ஆகாது. தேவாலயப் பாடகர் குழுவில் நேரமாகிறது என்று பாட்டின் நடுக் கண்ணியை விட்டுவிடச் சொன்னால், மற்றவர்கள் கடைசிக் கண்ணிக்குத் தாவும்போது இவள் ஒருத்தி நடுக் கண்ணியைப் பாடிக்கொண்டிருப்பாள். அவளுடைய குடும்பப் பெயர் தூயிவனுவாலெவு. வங்கி அட்டையில் அதற்கு இடமில்லாமல் "தூயிவனு" என்று அச்சாகி வந்தது. மிச்ச எழுத்துகளை அழியாத மையில் தானே எழுதி வைத்திருக்கிறாள். கடைக்காரர்கள் சந்தேகமாகப் பார்ப்பார்கள். "பேரு என்னோடது. அட்டைதான் அவங்களோடது," என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, நீளமானதை வெட்டிக் காட்டுவது. ஒரு பக்கம் கண்ணுக்கு எப்படித் தெரியவேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்கிற ஸ்டைல் ஷீட்டை எழுதுகிறவள் அவள். செய்தியோ அறிவிப்போ எவ்வளவு நீளமாக வந்தாலும், பெட்டிகள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும் என்றுதான் வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். முன்பெல்லாம் பெட்டிக்கு ஓர் உயரத்தைச் சொல்லி, மீறுவதை மறைத்துவிடுவார்கள். கடைசி வரி குறுக்கே அறுபட்டு, எழுத்துகளின் தலை மட்டும் தெரியும். "கழுத்தோட போச்சு பாரு," என்று செனிமிலி உச்சுக்கொட்டுவாள். பிறகு, இத்தனை வரிதான் காட்டு, கடைசி வரியின் முடிவில் மூன்று புள்ளி வை, மிச்சத்தை மூடு என்று சொல்வதற்கு வழி வந்தது. அதை எங்கள் அலுவலகத்தில் முதலில் பழகியவள் அவள்தான். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. மூன்று வரி, நறுக்கென்று மூன்று புள்ளி.

எழுத்தை வெட்டுகிறாயே என்று நான் ஒருநாள் சீண்டினேன்.

"நான் எங்க வெட்டினேன்? போர்வைய இழுத்து மூடினேன். உள்ள ஆளு முழுசாத்தான் படுத்திருக்கான்," என்றாள்.

அது உண்மைதான். மறைந்த எழுத்து பக்கத்தை விட்டு எங்கும் போவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் அப்படியே இருக்கும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தீவுகளுக்கு ஓடும் ஒரு கப்பல் கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். அவர்களுடைய பக்கத்தில் பயண அறிவிப்புகள் வரிசையாகப் பெட்டிகளில் வரும். மூன்று வரி, மூன்று புள்ளி, அடியில் "மேலும்" என்று ஒரு பட்டன். செனிமிலி செய்த பக்கம்தான். கம்பெனியின் விளம்பரப் பொறுப்பாளர் அசேரிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "பல்வரிசை மாதிரி இருக்கு," என்று சொல்லிச் சொல்லிக் காட்டுவான்.

செனிமிலியின் அம்மாவுடைய தம்பி பெனியோனி, கிழக்கே தோவுலைலை என்ற சிறு தீவில் இருக்கிறார். நடுவயதில் பார்வை போய்விட்டது. அவர் கைப்பேசி, திறந்த பக்கத்தில் உள்ள எழுத்தையெல்லாம் அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டும். அவர் மகள் லாவெனியா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. ரத்த அழுத்தம் ஏறியிருந்ததால் சுவா ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று தீவின் நர்ஸ் சொல்லியிருந்தார். வியாழக்கிழமைக் கப்பலில் புறப்படுவதாக ஏற்பாடு.

அந்த வாரம் கம்பெனியின் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. பயணிகளுக்கு வணக்கம், கம்பெனியின் பெருமை, பருவநிலை பற்றி ஒரு வாக்கியம். அதற்கே இரண்டு வரி போய்விட்டது. மூன்றாவது வரி இப்படி முடிந்திருந்தது: "கப்பல் வியாழக்கிழமை தோவுலைலைக்கு வரும்…"

ஊரே அதைக் கண்ணால் படித்தது. வரும் என்று போட்டிருக்கிறது. அதற்கு மேல் என்ன படிக்க? "மேலும்" பட்டனை அழுத்தினால் வேறு பக்கம் திறக்கவேண்டும். சிக்னல் கிடைப்பதோ பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் மட்டும். யாரும் அழுத்தவில்லை.

பெனியோனியின் கைப்பேசிக்குப் போர்வையைப் பற்றிக் கவலையில்லை. உள்ளே இருந்ததை முழுக்கப் படித்தது: "…தோவுலைலைக்கு வரும் பயணம் ரத்து செய்யப்பட்டுள்ளது. கடல் கொந்தளிப்பால் கப்பல் தீவைச் சுற்றிய பாறைகளின் இடைவழிக்குள் நுழையாது. பயணிகள் புதன்கிழமைக்குள் பக்கத்துத் தீவுக்கு வந்துசேர்ந்து, அங்கே கப்பல் வரும்போது ஏறிக்கொள்ளவும்."

அவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை.

"மாமா, இதோ என் கண்ணு முன்னால இருக்கு. 'வரும்'னு போட்டிருக்கான்," என்று ஒருவன் திரையை அவர் முகத்துக்கு நேராகவே நீட்டினானாம். பிறகுதான் தன் மடத்தனம் புரிந்து இழுத்துக்கொண்டானாம்.

"உன் கண்ணு சொல்றத நீ கேளு. என் போன் சொல்றத நான் கேக்கறேன்," என்றார் பெனியோனி. "போன்ல கிறுக்கு ஏறிடுச்சு, சாமியார்கிட்ட காட்டு," என்று சிரித்தார்கள். மருமகன்கூடத் தயங்கினான். பிள்ளைத்தாச்சியைக் கொந்தளிக்கிற கடலில், சின்னப் படகில் ஏற்றுவதா? மனுஷர் விடவில்லை. புதன்கிழமை காலை மகளைப் படகின் நடுவில் பாயை விரித்துப் படுக்கவைத்து, தானும் ஏறி, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

வியாழக்கிழமை ஊர் முழுவதும் கரையில் காத்திருந்தது. கொப்பரை மூட்டைகள், கல்யாணத்துக்குச் சீராகப் போகவேண்டிய பாய்கள், கால் கட்டிய பன்றிகள். ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்த ஒரு பெண், புதுப் பெட்டியோடு. கப்பல் தொலைவில் ஒரு புள்ளியாகத் தெரிந்து, நிற்காமல் போய்விட்டது. கல்யாணத்துக்குப் பாய்கள் போய்ச் சேரவில்லை. அந்தப் பெண் சேரவேண்டிய நாள் தப்பியது. அந்த ஆண்டு இடம் வேறு யாருக்கோ போனது.

லாவெனியாவுக்குச் சுவாவில் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பெனியோனி அலுவலகத்துக்குப் போன் செய்தார். செனிமிலி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஏ புள்ள, நீ செஞ்ச பக்கந்தானே அது? கண்ணு தெரிஞ்சவனுக்கு ஒண்ணு சொல்லுது, எனக்கு ஒண்ணு சொல்லுது. எது நெசம்னு வச்சு எழுதின?"

செனிமிலி கம்பெனியின் பக்கத்தைத் திறந்தாள். அந்த மூன்றாவது வரியின் மேல் விரலை வைத்தாள். முகம் கறுத்துச் சிறுத்துவிட்டது. "மாமா, அந்தப் போர்வைய போட்டது நான்தான்," என்றாள். பிறகு ஸ்டைல் ஷீட்டைத் திறந்து, யாரையும் கேட்காமல், மூன்று வரியோடு மூடச் சொல்லும் அந்த விதியை நீக்கினாள். பல்வரிசை குலைந்தது. ஒரு பெட்டி முழங்கால் வரை, அடுத்தது கணுக்கால் வரை. அறிவிப்புகள் முழு நீளத்துக்கும் தொங்கின.

மறுநாளே அசேரி படியேறி வந்துவிட்டான். அவன் தீவும் செனிமிலியின் தீவும் கொடுத்து எடுக்கும் உறவு. முறைக்கு அவன் மச்சான். அப்படிப்பட்டவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு மட்டமாகப் பேசினாலும் எங்கள் ஊரில் குற்றமில்லை.

"என்ன மச்சினி, என் பக்கத்துக்குச் சொத்தைப் பல்லு கட்டிவிட்டிருக்க? உங்க ஊர்க்காரங்களுக்கு வாய்தான் நீளம்னு நெனச்சேன், எழுத்துமா?"

"உங்க ஊர்க்காரங்க பாதியக் கேட்டுட்டே எந்திரிச்சு ஓடுறவங்க மச்சான். அதான் உனக்கு மூணு வரி போதும்."

சிரிப்பு அதோடு முடிந்தது. மேலிடத்தில் சத்தம் போடுகிறார்கள், சாயங்காலத்துக்குள் பழையபடி இருக்கவேண்டும் என்றான் அசேரி. எங்கள் முதலாளி அவினேஷ் செனிமிலியை விட இளையவன், அவள் மேசையோரம் வந்து நின்றான்.

"அக்கா, இந்தக் கம்பெனி போச்சுன்னா நான் யாரையாவது வீட்டுக்கு அனுப்பணும்."

"அனுப்பு. மொத ஆளு நான்தான். எந்த வரி அவசியம்னு ஸ்டைல் ஷீட்டுக்குத் தெரியாது பாஸ். அது எண்ணும், அவ்வளவுதான். ஓட்டல் விளம்பரத்த மூடு, கோழி விலைய மூடு. நான் வேணாங்கல. கப்பல் வருமா வராதாங்கறத மூட என் கை வராது."

"பட்டன் இருக்குல்ல? அழுத்திப் படிக்க வேண்டியதுதானே?" என்றான் அசேரி.

"'வரும்'னு முடிஞ்சுபோன பேச்ச எவன் அழுத்திப் படிப்பான்? நீ படிப்பியா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் செனிமிலி ஆஸ்பத்திரியில் இருந்த மாமாவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்துவிட்டாள். வம்புக்கு மாமாவை இழுக்கிறாள் என்று நினைத்தேன். பெனியோனி கோபப்படவில்லை. குழந்தை அழும் சத்தம் கேட்டது. அசேரி மரியாதையாகத் தன் ஊர் பெயரைச் சொல்லி, நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டான்.

"இருக்கட்டும் தம்பி," என்றார் அவர். "உங்க பக்கத்த நான் பாத்ததே இல்ல. எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. அழகா இருக்குமோ?"

"எல்லாப் பெட்டியும் ஒரே உயரத்துல இருக்கும் மாமா," என்றான் அசேரி.

"ஓ," என்றார் பெனியோனி.

அசேரி எழுந்து சன்னலோரம் போய் நின்றான். பிறகு திரும்பாமலே சொன்னான்: "அறிவிப்ப மட்டும் தொறந்து விடு. விளம்பரத்துல கை வச்ச, உங்க தீவுக்கே வந்து சண்ட போடுவேன்."

"வா. நீச்சல் தெரியுமா மொதல்ல?" என்றாள் அவள்.

அன்று முதல் அந்தப் பக்கத்தில் அறிவிப்புகள் கோணல்மாணலாக, முழுசாக நிற்கின்றன. அசேரி அறிவிப்புகளில் முதல் வார்த்தையாகவே "ரத்து" என்று எழுதப் பழகிவிட்டான். வணக்கமும் பெருமையும் கீழே போய்விட்டன. பயிற்சிக்கு இடம் இழந்த பெண் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தாள் என்று கேள்வி. செனிமிலி ஒருநாள் அவளைப் பார்த்துவிட்டு வந்தாள். இப்போது எந்த வாடிக்கையாளர் எழுத்தை மூடச் சொன்னாலும், முதலில் முழுவதையும் வாய்விட்டுப் படிக்கிறாள். மழையடித்தாலும் படிக்கிறாள். எது மூடலாம், எது கூடாது என்று அவளே முடிவு செய்கிறாள். அதனால் இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவினேஷ் அவளுக்குச் சம்பள உயர்வு தருவதை நிறுத்திவைத்திருக்கிறான். அவள் கேட்கவும் இல்லை.

போன வாரம் கப்பல் கம்பெனிக்குப் புதிய மேலாளர் வந்திருக்கிறார். பக்கம் இனி எப்படி இருக்கவேண்டும் என்று அவர் அனுப்பிய மாதிரிப் படத்தில் அறிவிப்புப் பெட்டிகள் மறுபடியும் ஒரே உயரம். அவினேஷ் அதைக் கொண்டுவந்து செனிமிலியின் மேசையில் மெதுவாக வைத்தான்.

"ஒரே ஒரு விதிதானே அக்கா. நீங்க போடலேன்னா வேற யாராவது போட்டுருவாங்க."

செனிமிலி படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "போடட்டும். ஆனா இந்தப் பலகையில இல்ல," என்றாள். பிறகு குனிந்து தன் விசைப்பலகையின் ஒயரைக் கணினியிலிருந்து உருவி, கையில் சுற்றி, விசைப்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தேநீர் ஊற்றப் போனாள்.