மண் ஆட்கள் நின்ற அலுமாரி

இத்தாலியில், கால்சா என்ற பழைய துறைமுகப் பகுதியில், என் மனைவி வேலை செய்த வீட்டில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. உள்ளே விரல் நீளக் களிமண் உருவங்கள், கைகளை மார்புக்குக் குறுக்கே மடித்தபடி வரிசையாக நின்றன. கப்பலில் வேலை செய்த காலத்தில், வீட்டுக்கார அம்மாவான சிஞ்ஞோராவின் தகப்பன் எகிப்திலிருந்து கொண்டுவந்தவை. அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் துறைமுகத்தடி உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

என் மனைவிக்கு அவை சாமிகள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே முடிவுகட்டிவிட்டாள். கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள், முகத்தில் அப்படி ஓர் அமைதி, வேறு என்னவாக இருக்கும் என்று என்னையே மடக்கினாள். வெள்ளிக்கிழமைகளில் தலைமுழுகிவிட்டுப் போய்த்தான் அவற்றைத் துடைப்பாள். பல்கனிச் சாடியில் பூத்த மல்லிகையில் ஒன்றைப் பறித்து முன்னால் வைப்பாள். தெருவுக்குத் தெரு மாதா கோயில் உள்ள ஊரில் தனக்கென்று ஒரு கோயில் பிடித்துவிட்டாள் என்று நான் பகிடி பண்ணுவேன்.

அவள் ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது சிஞ்ஞோரா அந்தப் பூவைக் கண்டுவிட்டார். திரைச்சீலை மாட்டிக்கொடுக்க நானும் அன்று அங்கே போயிருந்தேன். சிஞ்ஞோரா சிரித்துக்கொண்டே, இவை தெய்வங்கள் அல்ல, கல்லறைகளில் பிணத்தோடு வைத்தவை என்றார்.

மனைவியின் முகம் வெளிறிப்போனது. வயிற்றுப் பிள்ளையோடு சாவீட்டுப் பக்கமே போகக்கூடாது என்று வளர்ந்தவள் அவள். வீட்டுக்குத் திரும்பியதும் சொல்லிவிட்டாள்.

“இனி அங்கை நான் போகமாட்டன். பிள்ளைக்கு ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த நாட்டில் தங்குவதற்கான அவளுடைய பெர்மெஸ்ஸோ அந்த வேலையை நம்பித்தான் இருந்தது. வேலை போனால் அதைப் புதுப்பிக்க வழியில்லை. மண் பொம்மைக்குப் பயந்து வாழ்க்கையைத் தொலைப்பதா என்று கத்தினேன். அவள் அழுதாள்.

மறுநாள் சிஞ்ஞோராவிடம் தனியாகப் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, ஓர் உருவத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். செத்தவர்களுக்கு மறு உலகத்திலும் வேலை இருக்கிறதாம். வயலுக்குத் தண்ணீர் கட்ட வேண்டும், மண் சுமக்க வேண்டும். வேலைக்கு அழைப்பு வரும்போது, செத்தவருக்குப் பதிலாக இந்த மண் ஆள் எழுந்து, இதோ இருக்கிறேன் என்று சொல்லிப் போவானாம். வசதியுள்ளவர்கள் நீல மினுக்கம் பூசிச் செய்வித்தார்கள், இது ஏழை வீட்டுப் பிள்ளை என்றார். முதுகில் செய்தவரின் பெருவிரல் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. தன் ஆள் அங்கே போயும் வேலைசெய்து முறியக்கூடாது என்று, கையில் காசில்லாமல், யாரோ வெறும் சேற்றைப் பிசைந்திருக்கிறார்கள். அந்தக் கையைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப அதுகளும் எங்களைப்போலை வேலைக்கு வந்ததுகள்தானே,” என்றாள் மனைவி.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். ஆனால் பயம் முழுக்கப் போகவில்லை. கையில் துணி சுற்றிக்கொண்டுதான் அவற்றைத் தொட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்ற தீட்டான துடக்குக் கழியும்வரை எங்கும் போகமுடியாது. அதற்குள் வேறு யாரையாவது பிடித்திருப்பார்கள் என்று இருவரும் பயந்தோம். சிஞ்ஞோராவின் தங்கை புது ஆள் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போனதாகவும் கேள்விப்பட்டோம்.

துடக்குக் கழிந்ததும் குழந்தையோடு போனோம். குசினியில் வேறு யாரும் இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் அந்த மண் ஆள் நின்றான். என் மனைவி இல்லாதபோது யார் வேலை செய்வது என்று தங்கை கேட்டாளாம், இவன் இருக்கிறான் என்று காட்டிப் புது ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார் சிஞ்ஞோரா. என் மனைவி அவருடைய கைகளைப் பார்த்தாள். ஒரு கோப்பைகூடக் கழுவியறியாத கைகள், சவர்க்காரத் தண்ணீரில் தோல் உரிந்து சிவந்திருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் குழந்தையை அந்தக் கைகளில் கொடுத்தாள். துணி தேடவில்லை. மண் ஆளை வெறுங்கையால் தூக்கிக்கொண்டுபோய் அலுமாரியில் வைத்தாள்.

“நான் வந்திட்டன்,” என்றாள் அவனிடம். “நீ இனிக் களைப்பாறு.”