இடப்பக்கம் திரும்பாத கார்

நானும் அப்பாவும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, முருகையனின் ஃபியட் காரில் பிரேக் குழாயில் புகுந்த ஏரை வெளியே எடுத்தது. அவர் காருக்கு அடியில் கிடந்தார். நான் பெடலை மிதித்தேன்.

"அமுக்கு. புடி. விடு. டேய், விடுன்னா விடணும்டா. இன்ஜினியருக்குக் காது கம்மியா?"

மறுநாள் மாரடைப்பில் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் அப்பாவைப் பற்றி, இருசப்பன் ஒரு மேதை என்றார்கள். மேதையெல்லாம் இல்லை. செங்கம் சாலையில் தகரக் கொட்டகை போட்டு டாக்சிகளுக்கு கிளட்ச் மாற்றியவர். எண்பத்து மூன்றில் அரிசி ஆலை முதலாளி முருகையனுக்கு ரேஸ் கிறுக்குப் பிடித்தது. அப்பாவுக்கும் ஒட்டிக்கொண்டது. டீமுக்காக முதலில் வாங்கியது பெயிண்ட். கதவில் பெயர் எழுதி முடித்த பிறகுதான் இன்ஜினைத் திறந்தார்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு அண்ணாமலையைச் சுற்றும் கிரிவலச் சாலை. விடியற்காலையில் ஆள் இருக்காது. வலம் வந்தால் பெரிய வளைவுகள் எல்லாம் வலப்பக்கம்தான். அடி அண்ணாமலை வளைவில் கார் இடப்புறம் சாய்கிறது என்று, பின்பக்க இடது ஸ்பிரிங்கில் ஒரு இரும்புப் பட்டை கூடுதலாகச் சேர்த்தார் அப்பா. அதன் பிறகு அந்த வளைவில் கார் சாயாமல், ஆணி அடித்தது போல் தரையைப் பிடித்துத் திரும்பியது. இருவரும் சந்தோஷத்தில் குதித்தார்கள்.

"பந்தயத்துல லெஃப்ட் வளைவும் இருக்கும்பா. ஒரு தடவ எதிர்ப்பக்கமா ஓட்டிப் பாருங்க" என்றேன்.

"மலைய எடப்பக்கம் விட்டா? எழவுக்குத்தான்டா எடமா சுத்துவாங்க."

"சாமியே இல்லன்னு பேசற ஆளாச்சே நீங்க."

"சாமி வேற, மலை வேற. பொத்திக்கினு போடா."

கோவில் வாசலை மிதிக்காத பகுத்தறிவுவாதி அவர். முருகையன் பக்கத்தில் நின்று பக்தியோடு தலையாட்டினார்.

சென்னையில் தகுதிச் சுற்று. அந்த நேரத்தை வைத்துத்தான் பந்தயத்தில் இடம் உண்டா என்று முடிவு செய்வார்கள். முதல் சுற்றில் டயரைப் பதமாகச் சூடேற்ற வேண்டும். அடுத்ததில், கார் நேராக ஓடும்போதே பிரேக்கை முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். முருகையன் கூட்டத்துக்குக் கையாட்டியபடியே முதல் சுற்றில் டயரைக் கருக்கினார். அடுத்ததில், இடது வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை மிதித்தார். கார் வலப்பக்கம் அமுங்கியது. இடது பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி வெறுமனே சுழன்றது. கார் புல்லில் இறங்கி, வந்த வழியைப் பார்த்து நின்றது. இடம் கிடைக்கவில்லை.

"வண்டியில ஏதோ கோளாறு இருக்குது இருசப்பா."

"டிரைவர் சீட்டுலதான் மொதலாளி."

பாதிப் பொய். அவருக்கே தெரியும். ஊர் திரும்பியதும் வேங்கிக்கால் சுப்பன் பட்டறைக்குப் போய், வலப்பக்கத்துக்கும் அதே போல ஒரு பட்டை அடிக்கச் சொல்லிவிட்டு வந்தார். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. பிரேக் வேலை செய்த அன்று, காருக்கு அடியிலிருந்துதான் சொன்னார். முகத்தைக் காட்டிச் சொல்ல அவருக்கு வராது.

"ஞாயித்துக்கெழம பட்டைய எடுத்தாந்து மாட்டிடறேன். அப்புறம் எடப்பக்கமா ஒரு சுத்து ஓட்டிப் பாத்துடலாம். எவனும் பாக்கறதுக்கு முன்ன."

சனிக்கிழமை, கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவரை இடமாகச் சுற்றினேன்.

பட்டை தயார் என்று சுப்பன் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். கார் கொட்டகையில் வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. பட்டை வேங்கிக்காலில் கிடக்கிறது.