நரிக்குப் போட்ட கட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நான் நர்ஸாகச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ராயபுரத்தில் காலை பஸ் பிடித்தால் எட்டு மணிக்குள் போய்விடலாம். நசுங்கிய விரல், கண்ணில் விழுந்த இரும்புத்தூள் என்று நாள் முழுக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள்.

தொழிற்சாலைக்குப் பின்னால், கழிமுகம் வரைக்கும், சவுக்கும் முள்புதருமாக ஒரு காடு இருந்தது. பறவைகள் கூடு கட்டும் இடம் என்று சர்க்கார் பாதுகாத்து வைத்திருந்த காடு. ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை காலை அது தீப்பிடித்துக்கொண்டது. எப்படிப் பற்றியது என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. கடல்காற்று வேறு. மதியம் தீயணைப்பு வண்டிகள் அணைத்து முடிப்பதற்குள் பாதிக் காடு கரியாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பின்கேட் வழியாக உப்பளத்துப் பெண்கள் நான்கைந்து பேர் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். கூடைகளை இறக்கினார்கள். ஓடு கருகிய ஆமைகள், இரண்டு முயல்கள், சிறகு தீய்ந்த ஒரு கொக்கு. கடைசியாக வந்தவள் கோணிப்பையில் எதையோ சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். பிரித்துக் காட்டினாள். ஒரு பெட்டை நரி. நான்கு பாதமும் வெந்து தோல் உரிந்திருந்தது.

“இங்கதான் மருந்து கீதுன்னு இட்டாந்துட்டோம், சிஸ்டரம்மா” என்றாள்.

“இது மனுஷங்களுக்கான இடம்மா. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க” என்றேன்.

“அது பட்டணத்துல கீது. போறதுக்குள்ள செத்துப்பூடும்மா.”

என் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. தீக்காயத்துக்குப் போடும் மருந்துத்துணி ஒரே ஒரு டப்பாதான் மிச்சம். புது டப்பா திங்கட்கிழமைதான் வரும். பாய்லரில் வேலை செய்யும் ஒருவருக்கு முந்தின வாரம் ஆவி அடித்து முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்திருந்தது. அந்தத் துணி அவருக்கென்று வைத்திருந்தது. அன்றைய கட்டுக்காக அவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அவர் எழுந்து வந்து நரியின் பாதத்தைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“எனுக்கு இன்னிக்குத் துணி வோணாம் சிஸ்டர். இதுக்குப் போடுங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “விளையாடாதீங்க. சீழ் வெச்சா கையே போயிடும்” என்று கத்தினேன்.

“எனுக்கு இன்னா ஆனாலும் பாக்கறதுக்கு நீங்க கீறீங்க. அதுக்கு யாரு கீறா?”

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அங்கிருந்த டாக்டர் எரிச்சல்படாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஐஸ் வைக்காதே, எண்ணெய் தடவாதே. ஆறவைத்த தண்ணீரால் கழுவு. கடிக்காமல் இருக்க, மூச்சு முட்டாதபடி நரியின் வாயைக் கட்டிக்கொள். இருட்டான அறையில் வை. சாயங்காலம் வேனோடு வருகிறேன் என்றார்.

கேன்டீனிலிருந்து கொதித்து ஆறிய தண்ணீர் வாளி வாளியாக வந்தது. உப்பளத்துப் பெண்கள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பழைய புடவைகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றைக் கிழித்து, வேகவைத்து, உலர்த்தினோம். அந்தத் துணியால்தான் அவர் கைக்குக் கட்டுப் போட்டேன். மருந்துத்துணி முழுக்க நரியின் பாதங்களுக்குப் போனது. நல்ல கையால் நரியின் தலையைப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான். அது ஒரே ஒரு தடவை உறுமியது. அப்புறம் நடுங்கிக்கொண்டே கிடந்தது. அதன் மடியில் பால் கட்டியிருந்தது. குட்டிகள் என்ன ஆயிருக்கும் என்று எங்களில் யாரும் வாய் திறந்து கேட்கவில்லை.

சாயங்காலம் டாக்டர் வந்தார். அதற்குள் ஒரு முயல் என் மேஜை மேலேயே இறந்துவிட்டது. மற்றவற்றை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை அந்த மனிதரின் கட்டைப் பிரித்தபோது புடவைத்துணி புண்ணோடு ஒட்டிப்போயிருந்தது. உப்புத்தண்ணீர் விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க அரைமணி நேரமானது. அவர் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். முனகக்கூட இல்லை. எனக்குத்தான் கண்ணீர் கொட்டியது. துணி முழுக்க வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “நரி எப்டி கீது சிஸ்டர்?”

போன் போட்டு விசாரித்தேன். காலையில் மீன் தின்றதாம். சொன்னதும் அவர் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே!

ஒரு மாதம் போல ஆனது. டாக்டரே நரியைக் கூண்டில் கொண்டுவந்து, எரியாமல் தப்பிய காட்டின் ஓரத்தில் திறந்துவிட்டார். உப்பளத்துப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். நரி ஒரு காலை லேசாக நொண்டியபடி புதருக்குள் போய் மறைந்தது. என் பக்கத்தில் நின்ற பாய்லர்காரரின் கை ஆறி, தோல் மட்டும் வெளுத்திருந்தது. அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்கப்புறம் பெரிய ஆஸ்பத்திரிகளில் பல வருஷம் வேலை பார்த்தேன். வலியைத் தாங்கிக்கொள்பவர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். ஆனால் தன் உடம்பு எரியும்போதே இன்னோர் உயிரின் எரிச்சலைப் பார்க்கத் தெரிந்த அவரையும், முடியாது என்று சொன்ன என் முன்னால் கூடையோடு நகராமல் நின்ற அந்தப் பெண்களையும் நினைக்கும்போதெல்லாம், என்னை நிஜமான நர்ஸாக ஆக்கியவர்கள் அவர்கள்தான் என்று மனசு கையெடுத்துக் கும்பிடுகிறது.