முத்துப்பேச்சியிடம் இருந்த இரண்டு பால் பம்புகள்

மூத்த பிள்ளை நான்காம் மாதத்தில் இறந்துபோனான். வயிற்றுப்போக்கு. முத்துப்பேச்சி வேலைக்குத் திரும்பிய பத்தாவது நாள் அது தொடங்கியது, பதிமூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. புட்டிப்பால்தான் காரணம் என்று யாரும் நேராகச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. டப்பாப் பால்மாவைக் கரைத்த கை அவளுடையது.

அது 1990. மூன்று வருடம் கழித்து சுகப்பிரியா பிறந்தாள். திருச்சுழியில் ஓர் அரசு அலுவலகத்தில் முத்துப்பேச்சி டைப்பிஸ்ட். வீடு பாளையம்பட்டியில். கணவன் இன்பராஜ் நூல் மில்லில் வேலை பார்த்தான். பிரசவ விடுப்பு தொண்ணூறு நாள். அறுபதாவது நாளிலிருந்தே அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. படுத்தால் டப்பாவைத் திறக்கும் சத்தம் காதில் கேட்கும்.

"வேலைய விட்டுட்டாத்தான் என்ன?" என்று அவளே ஒருநாள் கேட்டாள்.

"மில்லு இன்னும் எத்தனை மாசம் ஓடும்னு எனக்கே தெரியல பேச்சி. நான் நிரந்தரமா நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கிறேன். பகல்ல புள்ளைய நான் பாத்துக்கிறேன். பாலுக்கு மட்டும் ஒரு வழி சொல்லு" என்றான் இன்பராஜ்.

தாய்ப்பாலை எடுத்து வைக்கலாம் என்று அவள் ஒரு வாரப் பத்திரிகையில் படித்திருந்தாள். அருப்புக்கோட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்குப் போய், கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, மெல்லக் கேட்டாள். கடைக்காரர் முகத்தைப் பார்க்காமலே ஒரு பொட்டலத்தை நீட்டினார். உள்ளே ஒரு கண்ணாடிக் குவளை, அதன் பின்னால் சைக்கிள் ஹாரனுக்கு இருப்பதுபோல ஒரு சிவப்பு ரப்பர் பந்து. அமுக்கி விட்டால் பால் இழுக்கும். வலித்தது. ஆனாலும் பால் வந்தது. அன்றும் மறுநாளும் எடுத்ததை இன்பராஜைக் கொண்டு சங்கில் ஊற்றிப் புகட்டச் சொல்லிப் பார்த்தாள். பிள்ளை குடித்தது. முத்துப்பேச்சி நிம்மதியாகச் சாப்பிட்டது அந்த இரண்டு நாள்தான்.

தடுப்பூசி போட வந்த நர்ஸ் கோகிலாம்பாள் மேசையில் இருந்த பம்பைப் பார்த்துவிட்டு, "இதுல எடுத்த பாலையா புள்ளைக்குக் குடுக்கிற?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. வெந்நீர்ல கழுவித்தான்."

"இந்தப் பந்துக்குள்ள எதை விட்டுக் கழுவுன?"

கோகிலாம்பாள் பந்துக்குள் கொஞ்சம் வெந்நீரை இழுத்து, குலுக்கி, ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் அமுக்கினார். தண்ணீரோடு தயிர்போலச் சின்னச் சின்னத் திரள்கள் வந்து விழுந்தன. புளித்த வாடை அடித்தது.

"கட்டுன பால இறக்கிக் கொட்டத்தான் இது லாயக்கு. புள்ளை வாயில வைக்கிறதுக்கு இல்ல. கையால பீய்ச்சு, இல்லன்னா எல்லாத்தையும் கழட்டி வேகவைக்கிற மாதிரி பம்பு வேணும்."

அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த மூன்று நாளும் பிள்ளையின் ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்தாள். வயிற்றில் கை வைத்துச் சூடு பார்த்தாள். இன்பராஜும் அவள் கூடவே நின்று பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விடுப்பு முடிய எட்டு நாள்தான் இருந்தது. கையால் பீய்ச்சினால் உள்ளங்கை அளவுகூட வரவில்லை. பயத்தில் பால் வற்றுகிறதோ என்ற பயம் வேறு சேர்ந்துகொண்டது.

பக்கத்து வீட்டு ஷர்மிளா பானுவிடம்தான் அவள் அழுதாள். ஷர்மிளாவின் கணவர் துபாயில் இருந்தார். அவள் எழுந்துபோய் பீரோவிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தாள்.

"அவுக போன தடவை வந்தப்ப வாங்கிட்டு வந்தது அக்கா. நான் வீட்டுலயேதான கெடக்கேன், எனக்கு எதுக்கு? பிரிக்கக்கூட இல்ல."

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள். ரப்பர் பந்து இல்லை. வெளிக்குழாயை இழுத்தால் பால் அதிலேயே சேரும். முத்துப்பேச்சி ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் போகாத இடம் இல்லை. அப்புறமும் நம்பாமல் கோகிலாம்பாளிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"இது சரி. பத்து நிமிஷம் கொதிக்கணும். காலையில எடுத்த பால் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல இருக்கக் கூடாது. நம்ம ஊரு வெயிலுக்கு அதுக்கு மேல தாங்காது" என்றார் நர்ஸ்.

அந்த இரண்டு மணியை அவள் இன்பராஜிடம் சத்தியமாக வாங்கிக்கொண்டாள். மீந்தால் கொட்டிவிட வேண்டும், ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது.

வேலைக்குத் திரும்பினாள். விடிந்ததும் பாலை எடுத்து, மூடி, ஈரமணலில் வைத்துவிட்டு பஸ் ஏறுவாள். மத்தியானம் பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, நெஞ்சு கனம் குறைய எடுத்து, வேப்பமரத்தடியில் ஊற்றுவாள். ஆறரைக்கு வீடு. தெருமுனையில் இறங்கும்போதே பிள்ளையின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டுவாள். கேட்டால்தான் கால் நடக்கும்.

இரண்டாவது மாதம் ஒருநாள், மத்தியானம் மூன்று மணிக்கு எங்கோ மறியல் என்று பஸ்கள் நின்றுபோயின. முத்துப்பேச்சி சாலையில் போய் நின்றாள். நாலு, நாலரை. ஒன்றும் வரவில்லை. வீட்டில் ரெண்டு மணிக்கு மேல் பால் இல்லை. பிள்ளை கத்தினால் இன்பராஜ் என்ன செய்வான்? வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் பால்மா டப்பா இருந்தது. அவன் அதை வாங்கிவிட்டால்? கரிமூட்டை ஏற்றிய லாரி ஒன்றை மறித்து, டிரைவரிடம் கையெடுத்துக் கும்பிட்டு ஏறிக்கொண்டாள்.

அருப்புக்கோட்டையில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது.

ஷர்மிளா வாசலுக்கு ஓடிவந்தாள். "அண்ணன் புள்ளைய நெஞ்சோட சேலையால கட்டிக்கிட்டு சைக்கிள்ல போனாக அக்கா. நான் கேக்குறதுக்குள்ள போயிட்டாக."

"புள்ளை அழுதுச்சா?"

"அழுகலையே."

மூத்தவனும் கடைசி நாளில் அழவில்லை. அவள் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மூன்று வருடத்துக்கு முன் அவனைக் கிடத்தியிருந்த அதே வார்டு. கட்டில் கட்டிலாகப் பார்த்தாள். கரி படிந்த சேலையும் முகமுமாக நின்றவளைக் கண்டு ஒரு நர்ஸ், "அப்படி எந்தப் புள்ளையும் வரலம்மா" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

திரும்பி வந்தபோது இன்பராஜ் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். சட்டை முழுதும் நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு. நெஞ்சில் சேலைக்கட்டுக்குள் சுகப்பிரியா தன் கையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"பாலைக் கொட்டிட்டேன் பேச்சி. டப்பா வாங்க மனசு வரல. பஸ்ஸு ஓடலன்னு கேட்டதும் உன்கிட்டயே கொண்டாந்துரலாம்னு திருச்சுழி ரோட்டுல மிதிச்சேன். பாதிவழி டீக்கடையில விசாரிச்சா, கரி லாரியில ஒரு பொம்பளை போறதப் பாத்தோம்னாக, நீதான்னு திரும்பிட்டேன். எதிர்ல வந்த லாரிய நான்தான் பாக்கல. சைக்கிள் ஆட்டத்துல இவ தூங்கிட்டா."

அவள் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள். பிள்ளை பாய்ந்து குடித்தது. இன்பராஜ் கீழிருந்து பிள்ளையைத் தாங்கிக்கொண்டான். அன்று அவன் ஷிப்டுக்குப் போகவில்லை.

பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை முத்துப்பேச்சி அந்தப் பம்பைக் கொதிக்க வைத்தாள். பயம் அதற்குப் பிறகும் போகவில்லை. சுகப்பிரியா பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம், அவளுக்குச் சாதாரணமாக வயிறு வலித்தாலும் அம்மா அன்று வேலைக்குப் போகமாட்டாள். அலுவலகத்தில் இதற்காகவே இரண்டு முறை விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அந்த இரண்டு கடிதத்துக்கும் பதிலை அவளே டைப் அடித்துக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: "என் குழந்தைக்கு உடல்நலமில்லை."