எங்கிருந்தாலும் ரொபின்சனுக்கு

உப்புக் கையைத் தூக்கிப் பிடித்தபடி, சொப்பிங் பைக்குள் சுற்றிவைத்த போனை மூக்கு நுனியால் அழுத்துகிறாள் ஜூலியட். வங்காலைக் கரையில் கருவாடு போடுகிறவள். வானொலியின் நேயர் விருப்பத்துக்கு லைன் கிடைக்கும்வரை அந்த மூக்கு ஓயாது.

"என்ன பாட்டு அக்கா வேணும்?" என்று அறிவிப்பாளர் கேட்பார்.

"எதெண்டாலும் போடுங்கோ தம்பி. பேரை மட்டும் விட்டிடாதேங்கோ."

பிறகு தொடங்கும் பேர் வரிசை. அடம்பனிலிருந்து கருவாடு வாங்க வரும் சீவரத்தினம், அவர் மனைவி பரமேஸ்வரி, அண்மையில் பிறந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, சண்டை பிடித்துக் கதைக்காமல் இருக்கும் எதிர்வீட்டுக்காரி. "பாட்டை விட உங்கட சொந்தம் நீளமக்கா" என்று அறிவிப்பாளர் பகிடி விடுவார். கடைசிப் பெயர் மட்டும் மாறவே மாறாது: "எங்க இருந்தாலும் கேட்டுக்கொண்டிருக்கிற என்ர அண்ணன் ரொபின்சன்."

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் காணாமல் போனவன் ரொபின்சன். தங்கையையும் மனைவி மேரி ரோஸையும் இராமேஸ்வரம் போகும் வள்ளத்தில் ஏற்றிவிட்டு, "அடுத்த வள்ளத்தில வாறன்" என்றான். அந்த அடுத்த வள்ளம் அக்கரையும் சேரவில்லை, இக்கரைக்கும் திரும்பவில்லை. மண்டபம் அகதி முகாமில் ஒரு மாலை, இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டவர்களின் பெயர்களுக்கு நடுவே "வங்காலை ரொபின்சன்" என்று ஒலித்தது. ஜூலியட் தன் காதால் கேட்டாள். மேரி ரோஸ் தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். அவளுக்குக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. "ஊரில ஒரு ரொபின்சன்தானோ இருக்கிறான்?" என்றவர்களை ஜூலியட் பிறகு ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வானொலியில் கூப்பிட்ட அண்ணனுக்கு வானொலியில்தானே பதில் சொல்லவேண்டும்?

அவள் நம்பிக்கைக்காகவே மேரி ரோஸும், ஊர் திரும்பிய பிறகுகூட, இத்தனை காலம் துக்கத்துக்குக் கறுப்பு உடுக்கவில்லை. இந்த ஐப்பசியில்தான் வாய் திறந்தாள். செத்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளில், சேமக்காலைக் கல்லறைகளிடையே ரொபின்சனின் பெயரையும் சொல்லிச் செபிக்கச் சுவாமியாரிடம் கேட்கப்போவதாகச் சொன்னாள்.

"உயிரோட இருக்கிற மனுசனுக்கோ மச்சாள்?"

"எனக்கு மெழுகுதிரி கொளுத்த ஒரு இடம் வேணும், பிள்ளை. உனக்குப் பாட்டு இருக்கு. எனக்கு என்ன இருக்கு? நீ ஓமெண்டாத்தான் பேர் குடுப்பன்."

ஜூலியட் மச்சாளோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டாள்.

திருநாளுக்கு முதல்நாள் மேரி ரோஸ் தானே தேடி வந்தாள். அப்போது போனில் பேர் வரிசை ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் பெயருக்கு வந்ததும் ஜூலியட் நிறுத்தினாள். மச்சாளின் நரைத்த தலையைப் பார்த்தபடி போனை நீட்டினாள்.

"நீங்கள் சொல்லுங்கோ மச்சாள்."

கட்டிய நாள் முதல் மேரி ரோஸ் புருசனின் பெயரை வாயால் சொன்னதில்லை. அந்தக் காலத்துப் பெண்களின் பழக்கம் அது. "இவர்" என்பதோடு சரி. இப்போது சட்டைக் கழுத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டு, போனை இரண்டு கைகளாலும் வாங்கினாள்.

"ரொபின்சன்" என்றாள், யாரையோ எழுப்புவதுபோல மெதுவாக.

"அவர் எங்க இருக்கிறார் அம்மா?" என்று அறிவிப்பாளர் கேட்டார்.

மேரி ரோஸ் ஜூலியட்டைப் பார்த்தாள். ஜூலியட் கருவாட்டை விட்டு எழுந்தாள். செத்தவர்களின் பெயரைக் கேட்டால் போடும் சிலுவையை, கையைக்கூடக் கழுவாமல், நெற்றியில் போட்டாள்.